நாலாயிரம் லைக்குகளோடு வீடு மாறியது

என் கட்டுரைகளுக்கு விழுகிற முதல் லைக் நான் போட்டதுதான். இத்தனை வருஷமும் இதை வெளியே சொன்னதில்லை. கட்டுரையை இணையத்தில் ஏற்றுவேன். நாற்காலியில் சாய்ந்து, முன்பின் தெரியாத வாசகனைப்போல முகத்தை வைத்துக்கொண்டு படிப்பேன். பிறகு மனம் நெகிழ்ந்து கட்டைவிரல் குறியை அமுக்குவேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூட மன்னித்துவிடலாம். என் மனைவி அடுப்படியில் மாவுக் கையோடு நிற்கிற நேரம் பார்த்து அவள் போனை எடுத்து, அவள் பெயரில் இன்னொன்றும் போடுவேன். அவள் பெயரில் போடும்போது கட்டைவிரல் போதாது என்று தோன்றும், இதயம் போடுவேன். புருஷன் எழுத்தின்மேல் மனைவிக்கு எவ்வளவு மரியாதை இருக்க வேண்டும் என்பதை நானே முடிவு செய்து, அவள் சார்பில் நானே கட்டிவிடுவது.

இப்படிப்பட்ட ஒருவன் தன் இணையதளத்தைப் பழைய விலாசத்திலிருந்து புது விலாசத்துக்கு மாற்றினால், ராத்தூக்கம் எதனால் கெட்டிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

நாமக்கல்லில் லாரிகளுக்கு இன்சூரன்ஸ் போட்டுக் கொடுப்பது என் தொழில். பாலிசி புதுப்பிக்க வருகிறவர்கள் ஆர்.சி. புத்தகத்தை வண்டியிலேயே வைத்துவிட்டு வந்து, அதை எடுக்கத் திரும்பப் போவார்கள். அந்த இடைவெளிகளில் படித்தே உலகத்து நகைச்சுவை எழுத்தாளர்களில் பாதிப் பேரை முடித்திருக்கிறேன். மீதிப் பேரையும் படித்ததாகச் சொல்லிக்கொள்கிறேன். படித்தவன் சும்மா இருப்பானா, எழுத ஆரம்பித்தேன். பத்திரிகைகள் திருப்பி அனுப்பியதையெல்லாம் போட்டுவைக்க ஒரு இணையதளம் தொடங்கினேன். நல்ல விலாசங்களை எல்லாரும் எனக்கு முன்பே வாங்கிவிட்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்ததில் நடுவே இரண்டு சிறுகோடுகள், ஒரு எண், கடைசிப் புள்ளிக்குப் பிறகு வேறு எவரும் வாங்கத் துணியாத ஒரு வால். போனில் யாருக்காவது சொன்னால், இரண்டாவது கோட்டுக்கு வருவதற்குள் எதிர்முனையில் பேனாவை மூடி வைக்கும் சத்தம் கேட்கும்.

அந்தத் தளத்தில் வருஷக்கணக்காக எழுதியும் ஒரு கட்டுரைக்கு நாற்பது லைக் வந்தால் பெரிய விஷயம். ஒன்றே ஒன்றுதான் பிய்த்துக்கொண்டு ஓடியது. எங்கள் ஊரில் காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்க்கிறார்களோ இல்லையோ, முட்டை விலையைப் பார்த்துவிடுவார்கள். பண்ணை வைத்திருப்பவர் பார்ப்பதில் நியாயம் உண்டு. ஒரு கோழிக்குக்கூடச் சொந்தக்காரரில்லாத என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், அவரும் பார்ப்பார். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். விலை இறங்கியிருந்தால் அன்றைக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார். அவர் முன்னின்று பேசிய ஒரு கல்யாணம் விலை ஏறின மாதத்தில் நிச்சயமாகி, இறங்கின மாதத்தில் தள்ளிப்போய், மறுபடி ஏறினதும் நடந்தது. இதையெல்லாம் வைத்து ‘நாளைக்கு முட்டை விலை ஏறுமா?’ என்று ஒரு கட்டுரை எழுதினேன்.

தலைப்பைப் பார்த்த பண்ணைக்காரர்கள் அதை நிஜமான கணிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். குரூப் குரூப்பாக அனுப்பினார்கள். தருமபுரி, ஈரோடு எல்லாம் தாண்டி ஆந்திரா வரைக்கும் போயிற்று. லைக் நாலாயிரத்தைத் தாண்டியது. பின்னூட்டங்களும் குவிந்தன. “ரேட் எங்கீங்க போட்டிருக்குது?” என்று ஒருவர். “கடைசி வரை படித்தேன், ரேட் இல்லை” என்று இன்னொருவர். இவர் ஒருவர்தான் முழுக்கப் படித்தவர், அந்த வகையில் அவருக்கு நான் கடமைப்பட்டவன். “தீவன விலையும் சேர்த்துப் போடவும்” என்று மூன்றாமவர். எனக்கு அது எதுவும் கண்ணில் படவில்லை. அடியில் இருந்த எண் மட்டும்தான் பட்டது.

எண்ணைப் பார்த்தவன் நான் மட்டுமல்ல. ஒரு ஆடி மாதத்துப் பகலில் சென்னையிலிருந்து பதிப்பகத்துக்காரர் ஒருவர் அழைத்தார்.

“உங்க கட்டுரைகளை ஒரு தொகுப்பா போடலாம்னு யோசனை இருக்கு சார். ஆவணி கடைசியில எங்க ஆசிரியர் குழு கூடும். உங்க தளத்தைத் திரையில போட்டு எல்லாரும் பார்ப்பாங்க. அந்த முட்டைக் கட்டுரைக்கு நாலாயிரத்துக்கு மேல லைக் இருக்கே, அதனாலதான் நீங்க எங்க கண்ணுல பட்டீங்க.”

ஐம்பதை எட்டப்போகிற வயதில், அட்டையில் என் பெயரோடு ஒரு புத்தகம். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். எதிரில் உட்கார்ந்திருந்த லாரிக்காரர், ஏதோ பெரிய விபத்துச் செய்தி என்று நினைத்து அவரும் எழுந்து நின்றார்.

“ஒரே ஒரு விஷயம்,” என்றார் பதிப்பகத்துக்காரர். “தளத்தோட விலாசம். பின்னட்டையில போடணும், இது ரெண்டு வரி போகுது. படிக்கறவங்க வைரஸ்னு பயந்துடுவாங்க. சின்னதா, அழகா ஒண்ணு வாங்கி மாத்திடுங்களேன்.”

மாற்றிவிடுகிறேன் என்றேன். அதில் எனக்குத் துளிக் கவலை இல்லை. காரணம், என் தொழில் புத்தி. இன்சூரன்ஸில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒன்று உண்டு. வருஷக்கணக்கில் எங்கேயும் இடிக்காமல் ஓட்டினவருக்குப் பிரீமியத்தில் தள்ளுபடி. அவர் பழைய லாரியை விற்றுவிட்டுப் புதியது வாங்கினால், அந்தத் தள்ளுபடி அவர் பின்னாலேயே புது வண்டிக்கு வந்துவிடும். அது வண்டிக்குச் சொந்தமில்லை, ஓனருக்குச் சொந்தம். இருபது வருஷமாக ஓனர்களுக்கு இதை விளக்கியே தொண்டை வறண்டவன் நான். லைக்கும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். ஓனர் நான். நான் எங்கே போனாலும் அது வரும்.

புது விலாசம் ஒன்றைத் தேடி வாங்கினேன். ஒரே சொல், கோடு இல்லை, எண் இல்லை, வாலும் கௌரவமான வால். அன்றைக்கே மாற்றிவிட உட்கார்ந்தபோது மனைவி வந்து நின்றாள்.

“ஏனுங்க, ஆடில யாராச்சும் ஊடு மாறுவாங்களா?”

“இது வீடில்லை. டொமைன்.”

“விலாசம் மாறுதுங்களா இல்லீங்களா?”

மாறுகிறது என்று ஒப்புக்கொண்டேன். அவள் அண்ணனைப் போனில் கூப்பிட்டாள். அவர் பட்டறையில் வெல்டிங் சத்தத்துக்கு நடுவிலிருந்து தீர்ப்புச் சொன்னார். “ஆவணி பொறக்கட்டுமுங்க மாப்ள. முதல் முகூர்த்தத்துல பண்ணிப்போடலாம். நான் நாள் பார்த்துச் சொல்றேன்.”

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். மச்சான் குளித்து விபூதி பூசி வந்தார். மனைவி மடிக்கணினிக்குப் பக்கத்திலேயே மின்அடுப்பை வைத்துப் பால் காய்ச்சினாள். பால் பொங்குகிற சமயம் பார்த்து நான் பொத்தானை அமுக்க வேண்டும் என்று ஏற்பாடு. பால் வழக்கம்போல எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும் வரை பொங்கவில்லை. நான் தும்மிவிட்டுத் திரும்பிய நேரத்தில் பொங்கி, விசைப்பலகைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. மங்களம் என்றார் மச்சான். அமுக்கினேன். கட்டுரைகள் எல்லாம் புது விலாசத்துக்கு வந்து சேர்ந்தன.

“பழைய ஊட்டுல இன்னும் எதாச்சும் கெடக்குதுங்களா?” என்றார்.

“அதே கட்டுரைகள் அங்கேயும் இருக்கும்.”

“அத அப்படி உடப்படாதுங்க மாப்ள. குடி போயாச்சுன்னா பழைய ஊட்டைத் துடைச்சுக் கழுவிச் சாவியக் குடுத்துப்போடோணும். ரெண்டு ஊட்டுலயும் அடுப்பெரிஞ்சா அது குடும்பத்துக்கு ஆகாது.”

உலக நகைச்சுவை இலக்கியத்தில் பாதியை முடித்த நான், இதைக் கேட்டு, ஆமாம் அதுவும் சரிதானே என்று தலையாட்டினேன். பழைய தளத்தைத் துடைத்தேன். பழைய விலாசத்தை அணைத்தேன். பாயசம் சாப்பிட்டுவிட்டு, புது விலாசத்தில் முட்டைக் கட்டுரையைத் திறந்தேன்.

அடியில் பூஜ்யம் இருந்தது.

நம்பாமல் பக்கத்தைப் புதுப்பித்தேன். பூஜ்யம். மனைவியின் போனில் பார்த்தேன், மச்சான் போனில் பார்த்தேன். எல்லாப் போனிலும் ஒரே மாதிரி வட்டமான பூஜ்யம். முட்டை விலை கேட்ட அத்தனை பேரும் போய்விட்டிருந்தார்கள். நான் எனக்கே போட்டதுகூட இல்லை. ஆசிரியர் குழுக் கூட்டம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. திரையில் கட்டுரை வரும், கீழே பூஜ்யம் இருக்கும், குழுவில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ‘அடுத்த எழுத்தாளர்’ என்பார். இந்தக் காட்சி அன்றிலிருந்து எனக்குச் சாப்பிடும்போதெல்லாம் தெரிந்தது.

மச்சான் கலங்கவில்லை. அவர் எதற்கும் கலங்குவதில்லை. முட்டை விலைக்குத்தான் கலங்குவார்.

“எத்தனை வேணுமுங்க மாப்ள?”

“நாலாயிரம் போச்சு.”

“அவங்கெல்லாம் யாரு எவருன்னே தெரியாதவங்க. போனாப் போறாங்க. நம்ம சனம் எத்தனை கெடக்குது. ஊடு மாறுனா கூப்பிட மாட்டமா? ஒரு புதுமனை புகுவிழா வெச்சுப்போடலாம்.”

நான் வேண்டாம் என்று சொன்னதாக ஞாபகம். சொன்னது கொஞ்சம் மெதுவாக இருந்திருக்கும். ஏனென்றால் நாலைந்து நாளில் அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. மஞ்சள் அட்டை, நாலு மூலையிலும் குங்குமம். மேலே பிள்ளையார், அடியில் குலதெய்வம். ‘எங்கள் இணையதளம் புதிய விலாசத்தில் குடிபுகுவதை முன்னிட்டு, தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ, சார்ஜ் போட்ட செல்போனுடன் வருகை தந்து வாழ்த்துமாறு அன்புடன் அழைக்கிறோம்.’ தாய்மாமன் வரிசையில் மச்சான் பெயர் என் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது.

விழா அவருடைய பட்டறையில். பாடி கட்டாத லாரிகள் எலும்பும் சக்கரமுமாக இரண்டு பக்கமும் நிற்க, நடுவே சாமியானா. ஒரு லாரியின் கேபினிலிருந்து ஒலிபெருக்கி. வருகிறவர்களுக்கெல்லாம் பட்டறையின் வைஃபை கடவுச்சொல்லைச் சந்தனக் கிண்ணத்தோடு சேர்த்து நீட்டினார்கள். பந்தியில் உட்காரும் முன் லைக், எழுந்த பிறகு பின்னூட்டம் என்று மச்சான் ஒரு முறை வகுத்திருந்தார். பரமத்தி வேலூரிலிருந்து வந்த என் மாமியார் வகைப் பெரியம்மா ஒருவர் போனை என் கையில் திணித்தார்.

“எனக்கு இதெல்லாம் தெரியாது சாமி. நீயே ஒண்ணு நல்லதாப் பார்த்துப் போட்டுக்க.”

“நானே போட்டுக்கறது நல்லாருக்காதுங்க.”

“உனக்கில்லாததா. ரெண்டாப் போட்டுக்க.”

நான் போட்டுக்கொண்டேன். பழக்கமான வேலைதான்.

பின்னூட்டங்கள் கல்யாணத்துக்கு மொய் எழுதுகிற பாணியில் வந்தன. யாரும் கட்டுரையைப் பற்றி மூச்சு விடவில்லை. ‘மோகனூர், குடும்பத்துடன்.’ ‘அப்பா சார்பாக மகன்.’ ‘நேரில் வர இயலவில்லை, லைக் மட்டும் கொடுத்தனுப்பியுள்ளேன்.’ ஒருவர் தன் பிராய்லர் பண்ணையின் பக்கத்தைச் சுட்டி, ‘நாளைக்கு எங்களுக்கும் நீங்க செய்யோணும்’ என்று உரிமையோடு எழுதியிருந்தார். பாயசம் தீர்வதற்குள் எண் முந்நூறைத் தாண்டியது. மச்சான் ஒலிபெருக்கியில் அதை அறிவித்தார். கை தட்டினார்கள்.

கை தட்டி ஓய்வதற்குள் திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. என் தளத்தில் இருக்கும் லைக் பொத்தானைக் கொடுத்து அதற்குக் கணக்கும் வைக்கிற சமூக வலைத்தளம், அதன் பெயர் இங்கே வேண்டாம், பணிவான மொழியில் ஒரு செய்தி சொன்னது: ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில், செயற்கையான முறையில் எண்ணிக்கை கூட்டப்படுவதாகத் தெரிகிறது. ஆகவே இந்த விலாசம் ஆய்வுக்காக நிறுத்திவைக்கப்படுகிறது.

நான் அதைத் தமிழில் சொன்னேன். மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது.

“செயற்கையா? வந்தவங்க அத்தனை பேரும் ரத்த சொந்தமுங்க மாப்ள. இதுல ஒருத்தராச்சும் செயற்கைன்னு காட்டச் சொல்லுங்க பாக்கலாம்.”

அன்று வரை என் தளத்தில் பூஜ்யம்தான் இருந்தது. விழாவுக்குப் பிறகு, வந்த முந்நூறும் போய், பூஜ்யமும் ஒரு பூட்டும்.

மறுநாள் பஸ் ஏறிச் சேலம் போனேன். சூரமங்கலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள் இருந்தார். ரயில்வே அலுவலகம் ஒன்றில் அதிகாரி. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கொள்ளுப் பொடி என்று பொடிகளுக்காகவே ஒரு இணையதளம் நடத்துகிறவர். நானும் அவரும் ஒருவர் தளத்தில் ஒருவர் வருஷக்கணக்காகப் பின்னூட்டம் போட்டுக்கொள்பவர்கள். நான் அவர் பொடிகளை அரைத்ததில்லை. அவரும் என் கட்டுரைகளைப் படித்ததில்லை என்றே நினைக்கிறேன். நல்ல இலக்கிய நட்பு. அவர் தன் தளத்தைப் போன வருஷம் புது டொமைனுக்கு மாற்றியிருந்தார். மாற்றிய பிறகும் கொள்ளுப் பொடிக்கு அடியில் இருந்த எண் அசையவில்லை என்பதை நான் பொறாமையோடு கவனித்து வைத்திருந்தேன்.

அலுவலகத்துக்கு எதிரே இருந்த கடையில் டீ குடித்துக்கொண்டே முழுக் கதையையும் சொன்னேன். பால் பொங்கியதில் புன்னகைத்தார். அழைப்பிதழில் டீயைக் கீழே வைத்தார். ரத்த சொந்தத்தில் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“லைக் உங்க பேருக்கு விழுந்ததா நினைச்சீங்களா சார்?” என்றார் கடைசியில். “விலாசத்துக்குத்தான் விழுந்துச்சு. நீங்க விலாசத்தை அணைச்சீங்க, அது அப்படியே அங்கேயே நின்னுடுச்சு. சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க. நீங்க வீடு மாறினா என்ன பண்ணுவீங்க?”

“பால் காய்ச்சுவோம்.”

“அதைத்தான் சொன்னீங்களே. ரேஷன் கார்டை?”

நான் டீ கிளாஸைப் பார்த்தேன். எங்கள் ரேஷன் கார்டு பரமத்தி வேலூர் விலாசத்தில்தான் இருக்கிறது. நாங்கள் நாமக்கல்லுக்குக் குடிவந்து, மகள் பிறந்து, அவள் கல்லூரியும் முடிக்கப்போகிறாள். கார்டு இன்னும் வேலூரில், மாமியார் வீட்டில். மாதாமாதம் சர்க்கரை வாங்குகிற சாக்கில் மனைவி தாய்வீட்டுக்குப் போய் வருகிறாள்.

“பழைய விலாசத்துலயே விட்டுருக்கோம்,” என்றேன்.

“யாராவது விசாரிக்க வந்தா?”

“மாமியார் சொல்லிடுவாங்க. இங்கதான் இருக்காங்க, இப்பத்தான் தோட்டத்துப் பக்கம் போனாங்கன்னு.”

“அவ்வளவுதான் சார் விஷயம். ரேஷன் கார்டுக்கு இருந்த புத்தி உங்களுக்கு லைக்குக்கு இல்லாமப் போச்சு.”

பிறகு நிதானமாக விளக்கினார். ஒவ்வொரு கட்டுரையின் பக்கத்திலும், படிப்பவர் கண்ணுக்குத் தெரியாமல், ‘என் நிரந்தர விலாசம் இது’ என்று சொல்கிற ஒரு வரி உண்டு. லைக்கைக் கணக்கெடுக்கும் எந்திரம் அந்த வரியைத்தான் பார்க்கும். பழைய கட்டுரைகளுக்கு அந்த வரியில் பழைய விலாசத்தையே எழுத வேண்டும். பழைய விலாசத்தை மறுபடி உயிர்ப்பித்து வைக்க வேண்டும். வாசகர் யாராவது அங்கே வந்தால் புது விலாசத்துக்குத் திருப்பி அனுப்பலாம். எந்திரம் வந்தால் மட்டும் திருப்பக் கூடாது. அது கதவைத் தட்டும்போது உள்ளே இருந்து கட்டுரை எட்டிப் பார்த்து, இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

“புதுசா எழுதறதுக்கெல்லாம் புது விலாசத்தையே போடுங்க,” என்றார். “அதெல்லாம் பூஜ்யத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கும். அதைத் தாங்கிக்கணும்.”

“பூட்டுப் போட்டதை என்ன பண்றது?”

“மேல்முறையீடுன்னு ஒரு இடம் இருக்கும். ரெண்டு வரி எழுதிட்டு சும்மா இருங்க. உங்க சொந்தக்காரங்களை எழுத வைக்காதீங்க.”

பஸ்ஸில் வரும்போதே இரண்டு வரி எழுத ஆரம்பித்து, ராசிபுரம் தாண்டுவதற்குள் இரண்டு பக்கம் ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் வீடு மாறினால் உறவினர் வருவது வழக்கம் என்பதையும், ஆடியில் மாறாமல் ஆவணிக்குக் காத்திருந்த எங்கள் நல்லெண்ணத்தையும், பெரியம்மாவின் இரண்டு லைக்கில் ஒன்றைத் திரும்பப் பெறத் தயாராக இருப்பதையும் விளக்கியிருந்தேன். அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருந்து படித்திருந்தால் நாலாயிரத்தோடு அவருடையதும் சேர்ந்திருக்கும். பூட்டை மட்டும் சில நாளில் எடுத்துவிட்டார்கள், பதில் ஒன்றும் எழுதாமலே.

வீட்டுக்கு வந்து, அந்த அம்மாள் சொன்னபடி, துடைத்த கட்டுரைகளைப் புது விலாசத்திலிருந்து படியெடுத்து வைத்து, பழைய விலாசத்தை மறுபடி எழுப்பினேன். நல்ல வேளையாக அதை அணைத்திருந்தேனே ஒழிய விட்டுக்கொடுத்திருக்கவில்லை. வாங்க வேறு ஆளும் இல்லை. இரண்டு வீட்டில் அடுப்பெரிவதைப் பற்றி மச்சானிடம் என்ன சொல்வது என்று யோசித்து, “ரேஷன் கார்டு” என்ற ஒரே சொல்லைச் சொன்னேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. “அதை முதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க மாப்ள,” என்று என்னைத்தான் கடிந்துகொண்டார்.

எண் உடனே வரவில்லை. எந்திரம் தன் வசதிப்படிதான் கதவைத் தட்டுமாம். இரண்டு நாள் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பாலிசியில் லாரி நம்பருக்குப் பதிலாகப் பூஜ்யம் அடித்துவிட, அந்த ஓனர் வந்து வண்டி எங்கே என்று கேட்டார். கூட்டத்துக்கு முதல் நாள் காலை, மச்சான் முட்டை விலை பார்க்க வந்து உட்கார்ந்திருந்தபோது, அவர்தான் சொன்னார்.

“மாப்ள, வந்துருச்சுங்க.”

நான் விலையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். போனைத் திருப்பிக் காட்டினார். நாலாயிரத்துச் சொச்சம், ஒன்றுகூடக் குறையாமல். ‘ரேட் எங்கீங்க போட்டிருக்குது’ காரரும் வந்திருந்தார். தீவன விலைக்காரரும் வந்திருந்தார். அந்த நிமிஷத்தில் எனக்கு அவர்களைப் போன்ற தேர்ந்த வாசகர்கள் உலகத்தில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை என்று தோன்றியது.

மச்சான் நிறுத்தவில்லை. யார் யார் லைக் போட்டிருக்கிறார்கள் என்று விரலால் தள்ளித் தள்ளி அடிவரைக்கும் போனார். அங்கே, என் பெயருக்கு அடுத்தபடி, ஒரு சிவப்பு இதயம் இருந்தது.

“கண்ணு, இங்க வா,” என்று தங்கையைக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. “முட்டை விலை இறங்குனா நான் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கறன்னு உங்க ஊட்டுக்காரரு எழுதியிருக்கறாரு. அது அவரு குணம். நீ எதுக்குக் கண்ணு இதயம் போட்ட?”

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“நான் அன்னைக்குக் கையில மாவோட இருந்தேன் அண்ணா,” என்றாள். எந்த நாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் சரியாகச் சொன்னாள்.

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை நேரம் சேர்ந்தாற்போல் அவர் என்னை என்றைக்கும் பார்த்ததில்லை.

“இப்பவே அதை எடுத்துப்போடுங்க,” என்றாள் மனைவி.

“எடுத்தா ஒண்ணு குறைஞ்சிடும்.”

அவள் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்து சொன்னாள்: “நாளைக்குக் கூட்டம் முடிஞ்சதும் எடுங்க. அது வரைக்கும் இருந்துட்டுப் போகுது.”

கூட்டம் நடந்தது. மறுநாள் பதிப்பகத்துக்காரர் அழைத்தபோது மனைவியும் மச்சானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டேன்.

“வாழ்த்துகள் சார். தொகுப்பு வருது. புது விலாசம் எல்லாருக்கும் பிடிச்சிருந்தது, பின்னட்டையில ஒரே வரியில அடங்கிடுது.”

மச்சான் என் முதுகில் தட்டினார். அது வெல்டிங் பட்டறைக் கை. நான் சமாளித்துக்கொண்டு, முட்டைக் கட்டுரையைத் தொகுப்பில் முதலாவதாக வைப்பீர்களா, நடுவில் வைப்பீர்களா என்று அடக்கத்தோடு கேட்டேன்.

“அதைப் பத்தித்தான் சொல்லணும்னு இருந்தேன் சார்,” என்றார் அவர். “அது ஒண்ணை மட்டும் எடுத்துட்டோம். நாலாயிரம் பேர் ஏற்கெனவே ஓசியில படிச்சதை யார் காசு குடுத்து வாங்குவாங்கன்னு குழுவுல கேட்டாங்க. லைக் கொஞ்சம் கம்மியா இருந்திருந்தா சேர்த்திருக்கலாம்.”